குரோம்பேட்டைக்கும் சூலூர்ப்பேட்டைக்கும் நடுவில்

திருவொற்றியூர் ரயில் நிலையத்தில் நின்றால், தண்டவாளத்தின் இரண்டு முனையிலும் விண்வெளி இருக்கிறது. வடக்கே போகும் மின்சார ரயில் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி எல்லாம் தாண்டிச் சூலூர்ப்பேட்டைக்குப் போகும். அங்கிருந்து பழவேற்காடு ஏரியின் நீர்ப்பரப்பைக் கடந்து போகிற சாலை ஸ்ரீஹரிகோட்டாவில் முடிகிறது. தெற்கே போனால், கடற்கரை நிலையத்தில் வண்டி மாறி, தாம்பரம் லைனில் குரோம்பேட்டையில் இறங்க வேண்டும். அப்துல் கலாமும் இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. சிவனும் விமானப் பொறியியல் படித்த எம்.ஐ.டி. அங்கேதான் இருக்கிறது.

இராக்கெட் செய்யக் கற்றுக்கொடுக்கும் இடமும் அது கிளம்பும் இடமும் வட சென்னைப் பிள்ளைக்கு ஒரு பயணச்சீட்டுத் தூரம். அப்படியிருந்தும் இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் எண்ணூரிலும் பிறந்தவர்களுக்கு அது நெடுங்காலம் வேறு யாருடைய தொழிலாகவோ இருந்தது. இன்றைக்கு அந்த நிலை மாறியிருக்கிறது. எந்த அளவுக்கு மாறியிருக்கிறது, மாறும்போது எது கைநழுவியது என்பதுதான் என் கவலை.

1949-இல் சி. இராஜம் தன் வீட்டை விற்ற பணத்தைப் போட்டுக் குரோம்பேட்டையில் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியை, அதாவது எம்.ஐ.டி.யை, தொடங்கினார். விமானம், மோட்டார் வாகனம், மின்னணு, கருவித் தொழில்நுட்பம் என்று நாட்டில் அப்போது பெரிதாகக் கற்பிக்கப்படாத பாடங்களையே எடுத்துக்கொண்டார். மீனம்பாக்கம் விமான நிலையம் ஒரு பக்கம், தாம்பரம் விமானப்படைத் தளம் இன்னொரு பக்கம், நடுவில் கல்லூரி. பி.எஸ்சி. முடித்தவர்கள் அங்கே மூன்று ஆண்டு படித்தார்கள். கலாம் திருச்சியில் இயற்பியல் முடித்துவிட்டு வந்தவர். சேர்வதற்குத் தேவைப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்கு அவருடைய அக்கா ஜோஹரா தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். சிவனும் நாகர்கோவிலில் கணிதப் பட்டம் பெற்ற பிறகே அங்கே சேர்ந்தார். 1980-இல் படித்து முடித்தார்.

அந்தக் கணக்கில் பார்த்தால் பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயர் கல்லூரியில் பி.எஸ்சி. படித்த ஒரு பையனுக்கும் அந்தக் கதவு திறந்தே இருந்தது. வழி இருக்கிறது என்று சொல்ல ஆள்தான் இல்லை.

அப்போது இந்தப் பகுதியில் படிப்பு என்றால் 'கம்பெனி'க்குள் போவதற்கான படிப்பு. எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் பின்னாளில் அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் 1955-இல் என்ஃபீல்டு வந்தது. அதே திருவொற்றியூரில் 1946-இல் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். பெரம்பூரில் ஐ.சி.எஃப்., பின்னி ஆலை. 1960-களின் கடைசியில் மணலியில் சுத்திகரிப்பு நிலையம். 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம். ஐ.டி.ஐ. முடித்து அப்ரென்டிஸாக உள்ளே நுழைந்துவிட்டால் பையனுக்கு வாழ்க்கை அமைந்துவிட்டது என்று வீடு நிம்மதி அடைந்தது. அந்த நிம்மதியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. குடிசையில் இருந்த குடும்பங்களை ஓட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தவை அந்தச் சம்பளங்கள். ஆனால் அந்த வளையத்துக்கு வெளியே ஒரு தொழில் இருக்கிறது, லேத்தில் நிற்கிற அதே கை அங்கேயும் வேண்டியிருக்கிறது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

தகவல் கிடைப்பதே அன்று பெரும்பாடு. விமான இயக்கவியல் புத்தகம் ஒன்றைக் கண்ணால் பார்க்க எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். சொந்தமாக வேண்டுமென்றால் சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட். வட சென்னைக்காரர்களுக்கு அது நடந்தே போகக்கூடிய பல்கலைக்கழகமாக இருந்தது, 1985-இல் எரிந்துபோனது. நகலெடுக்கும் இயந்திரம் பரவலாவதற்கு முன்னால் பாடத்தை நோட்டில் எழுதித்தான் எடுத்துக்கொள்வார்கள். கணக்குக்கு ஸ்லைடு ரூல், வரைபடத்துக்கு டிராயிங் போர்டு. விமானத்தின் ஒரு விலா எலும்பை மாற்ற வேண்டுமென்றால் முழுத் தாளையும் மறுபடி வரைய வேண்டும். எம்.ஐ.டி.யில் தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றின் வடிவமைப்பைக் கலாமின் குழுவுக்குக் கொடுத்திருந்தார்கள். வேலை திருப்தியாக இல்லை என்று பேராசிரியர் சீனிவாசன் மூன்றே நாள் கெடு வைத்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை போய்விடும். சாப்பாடு தூக்கம் விட்டு வரைந்து முடித்ததாகக் கலாம் எழுதியிருக்கிறார். அதே மாணவர்தான் எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கப் போட்டியில் நம் விமானத்தை நாமே செய்வது பற்றித் தமிழில் கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கினார். போட்டியோடு தொடர்புடையவர், ஆனந்த விகடனில் ஆசிரியராக இருந்த தேவன். வானூர்தி பற்றித் தமிழில் யோசிக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பட்டம் வாங்கியவருக்கு அன்று இருந்த வாசல்கள் மிகக் குறைவு. பெங்களூர் எச்.ஏ.எல்., விமானப்படை, பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்பப் பிரிவுகள், 1959-க்குப் பிறகு தேசிய விமான ஆய்வகம். எல்லாமே அரசாங்கம். கலாம் எச்.ஏ.எல்.லில் பயிற்சியாளராகப் பிஸ்டன் எஞ்சினையும் டர்பைன் எஞ்சினையும் பிரித்துப் பூட்டினார். விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எட்டு பேரைத்தான் எடுத்தார்கள்.

முறையான கல்லூரி கிட்டாதவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது. ஷிஃப்ட் முடித்து வந்து இரவில் படித்து ஏ.எம்.ஐ.இ. தேர்வு எழுதுவது. விமானத் துறைக்கென்றே இந்திய வானூர்திச் சங்கம் அதுபோல ஒரு தேர்வை நடத்தியது. எழுதித் தேறினால் பொறியியல் பட்டத்துக்குச் சமம். இந்த வழியின் அருமை தெரிய வேண்டுமானால் இன்றைய இஸ்ரோ தலைவர் வி. நாராயணனைப் பார்க்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்து மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர். டி.ஐ. டைமண்ட் செயின், எம்.ஆர்.எஃப்., பி.எச்.இ.எல். என்று தொழிற்சாலைகளில் வேலை பார்த்துவிட்டு 1984-இல் இஸ்ரோவுக்குள் போனார். ஏ.எம்.ஐ.இ. முடித்தார். பிறகு காரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியலில் எம்.டெக்., முதலிடம். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. சங்கிலியும் டயரும் செய்கிற கம்பெனிகளிலிருந்து கிரையோஜெனிக் எஞ்சினுக்குப் போன மனிதர். வட சென்னைத் தொழிலாளி வீடுகளில் மாட்டி வைக்க வேண்டிய படம் அவருடையது.

2013 மே 31-க்குப் பிறகு ஏ.எம்.ஐ.இ. போன்ற சங்கத் தேர்வுகளில் பதிவு செய்தவர்களுக்கு மத்திய அரசின் பழைய பட்ட அங்கீகாரம் கிடைக்கவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே பொறியாளராவதற்கு இருந்த மலிவான வழி ஒன்று அதோடு சுருங்கியது. இதைப் பற்றி இந்தப் பகுதியில் பெரிதாக யாரும் பேசவில்லை. அது எனக்கு இன்னமும் வருத்தம்.

ஸ்ரீஹரிகோட்டா 1971-இல் சிறு ஆய்வு இராக்கெட்டுகளோடு இயங்கத் தொடங்கியது. 1979 ஆகஸ்ட் 10-இல் எஸ்.எல்.வி.-3 கிளம்பி 317 நொடிகளில் வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 18-இல் ரோகிணி செயற்கைக்கோளை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது. பழவேற்காட்டு மீனவர்களுக்கு ஏவுதல் நாள் என்றால் கடலுக்குப் போகக் கூடாத நாள். எண்ணூர்க் கடற்கரையில் நின்றால் வானம் தெளிவாக இருக்கும்போது வடக்கே நெருப்பு ஏறுவது தெரியும். மொட்டை மாடியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வருகிற வழக்கம் இங்கே தலைமுறைகளாக உண்டு.

இனி இன்று.

2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது. திருவொற்றியூரில் ஏறினால் வண்டி மாறாமல் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கலாம். பாடப் புத்தகத்தைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும், சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் கைப்பேசியில் இலவசமாக இருக்கின்றன. வாயு இயக்கவியல், விமானக் கட்டமைப்பு, இராக்கெட் உந்துவிசை எல்லாம் வகுப்பில் உட்கார்ந்து கேட்பதுபோலவே கேட்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021-இல் வந்தது. கட்டணத்தை அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்வியின்போது மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கி வைத்த இடமே வட சென்னையின் பாரதி மகளிர் கல்லூரிதான். கலாமின் அக்கா அடகு வைத்த வளையலுக்கு ஈடாக இன்று ஓர் ஏற்பாடு இருக்கிறது என்பதில் எனக்கு மனமார்ந்த மகிழ்ச்சி.

வாசல்களும் கூடின. விண்வெளித் துறை 2020-இல் தனியாருக்குத் திறக்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சத்யா சக்ரவர்த்தியோடு ஸ்ரீநாத் இரவிச்சந்திரனும் மொயினும் தொடங்கிய அக்னிகுல் நிறுவனம் ஸ்ரீஹரிகோட்டாவுக்குள் தனக்கென்று ஓர் ஏவுதளம் கட்டியது. ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் செய்த எஞ்சினை வைத்து, நான்கு முறை தள்ளிப்போன பிறகு, 2024 மே 30 காலையில் இராக்கெட்டைப் பறக்கவிட்டது. தையூர், தரமணி, ஸ்ரீபெரும்புதூர் வல்லம் வடகால் என்று வேலை தேடிப் போகும் இடங்கள் இப்போது இந்த மாநிலத்துக்குள்ளேயே இருக்கின்றன. கல்லூரிக் காலத்திலேயே பறக்க வைத்துக் காட்டும் வாய்ப்பும் உண்டு. அண்ணா பல்கலைக்கழக மாணவர்கள் பங்கேற்ற அனுசாட் செயற்கைக்கோள் 2009-இல் சுற்றுப்பாதைக்குப் போனது. எம்.ஐ.டி.யின் தக்ஷா குழு ஆளில்லா விமானத்தோடு 2018-இல் ஆஸ்திரேலியப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. எஸ்.ஏ.இ. இந்தியா மாணவர்களுக்கென்று விமான வடிவமைப்புப் போட்டி நடத்துகிறது. குழுவே வடிவமைத்து, குழுவே செய்து, எடை தூக்கிப் பறக்கவிட வேண்டும்.

இவ்வளவு கிடைத்த பிறகும் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் 'ஏரோநாட்டிகல்', 'ஏரோஸ்பேஸ்' என்ற பெயரைக் காட்டிச் சேர்க்கிறார்கள். காற்றுச் சுரங்கம் பேருக்கு ஒன்று இருக்கும் கல்லூரியிலும் அந்தப் பெயருக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் குடும்பங்கள் உண்டு. விமானப் பராமரிப்பு உரிமத்துக்கான படிப்பு வேறு, விமானத்தை வடிவமைக்கும் பொறியியல் வேறு என்பதைக்கூடச் சேரும்போது சொல்வதில்லை. இஸ்ரோவின் விஞ்ஞானி-பொறியாளர் அறிவிப்புகளை எடுத்துப் பாருங்கள்: பெரும்பாலும் கேட்பது மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், 65 விழுக்காடு மதிப்பெண், பிறகு எழுத்துத் தேர்வு, நேர்முகம். சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை படித்தது மின்னணுப் பொறியியல். ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் செங்கோட்டை நிகார் ஷாஜி படித்ததும் அதுவே. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேல் ரயில்வே டெக்னீஷியனின் மகன். டிப்ளமோ முடித்துச் சென்னையில் மெக்கானிக்கல் பி.இ. படித்தவர். இராயபுரம் ரயில்வே குடியிருப்புகளில் இருக்கும் ஒரு தகப்பனுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

நல்ல ஆசிரியர்களும் ஆய்வகமும் உள்ள இடத்தில் விமானப் பொறியியல் கிடைத்தால் தயங்காமல் சேரட்டும். கிடைக்காவிட்டால் நல்ல அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல் படிப்பது எவ்வளவோ மேல். முதல் இரண்டு ஆண்டில் கணிதம், பாய்ம இயக்கவியல், வெப்ப இயக்கவியல், பொருள்களின் வலிமை ஆகியவற்றைக் கசடறக் கற்றுவிட வேண்டும். ஆண்டர்சனின் விமானவியல் புத்தகமும் சட்டனின் இராக்கெட் புத்தகமும் மூன்றாம் ஆண்டில் புரியும். நிரல் எழுதத் தெரிய வேண்டும். உயர்படிப்புக்குக் கேட் தேர்வில் வான்வெளிப் பொறியியலுக்கென்றே தனித் தாள் இருக்கிறது.

இதையெல்லாம் இன்று கைப்பேசி சொல்லிவிடும். கைப்பேசி சொல்லாத ஒன்று இருக்கிறது. அது இந்த மண்ணிடம் இருக்கிறது.

காசிமேட்டில் ஃபைபர் படகு செய்யும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். அச்சில் மெழுகு தேய்த்து, மேல்பூச்சு போட்டு, கண்ணாடி இழை விரிப்பைப் பரப்பி, ரெசினில் ஹார்டனர் கலந்து பிரஷ்ஷால் ஊட்டி, உருளையால் காற்றுக் குமிழ் வெளியே போகும்வரை அழுத்துகிறார்கள். வெயில் ஏறினால் ரெசின் சீக்கிரம் இறுகிவிடும், கலவையைக் குறைக்கிறார்கள். குமிழ் தங்கிய இடத்தில் அலை அடித்துப் பிளக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். விமானக் கல்லூரியின் கூட்டுப்பொருள் ஆய்வகத்தில் சொல்லிக்கொடுக்கும் முதல் பயிற்சி இதேதான். அங்கே எபாக்சியும் கார்பன் துணியும் வெற்றிடப் பையும் வரும். குமிழைப் பற்றிய பயம் இரண்டிடத்திலும் ஒன்று. போட்டிக்கு இறக்கை செய்யும் மாணவர் குழு ஒன்று அங்கே நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால், ஒரு பருவத்து ஆய்வகத்தில் கிடைக்காதது கிடைக்கும்.

மணலியில் 'ஷட்டவுன்' காலம் வரும்போது ஆர்கான் வெல்டர்களுக்குக் கிராக்கி. துருப்பிடிக்காத எஃகுக் குழாயை இணைக்கும்போது உள்பக்கத்தில் காற்று பட்டுக் கருகாமல் இருக்க ஆர்கானை உள்ளேயும் செலுத்தி வைப்பார்கள். வெல்டிங் முடிந்ததும் எக்ஸ்-ரே. விரிசல் இருந்தால் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி. இராக்கெட்டின் எரிபொருள் குழாய்க்கும் இதே வெல்டிங், இதே சோதனை. அந்தச் சோதனைகளை என்.டி.டி. என்பார்கள், மீயொலி, சாயம், கதிர்ப்படம் என்று பல வகை. விமான இறக்கையில் விரிசல் தேடுகிறவர்களும் இதே வகைச் சோதனைகளைத்தான் செய்கிறார்கள். மைக்ரோமீட்டர் பிடித்து மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்காகச் சண்டை போடும் ஓய்வுபெற்ற டர்னர்கள் திருவொற்றியூர்த் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கணினியில் பாய்ம ஓட்டத்தை வண்ணப்படமாக வரவழைக்கிறார்கள். ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்கலாம் என்று கேட்டால் திணறுகிறார்கள். குற்றம் பிள்ளைகளுடையது அல்ல. பின்னி ஆலை 1996-இல் மூடியது, எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் நின்றது, எஞ்சியிருக்கும் கம்பெனிகளில் ஒப்பந்த வேலை பெருகியது. அப்பா எந்த இயந்திரத்தில் நிற்கிறார் என்று பிள்ளை பார்க்க வழியில்லாமல் போயிற்று. படித்த பிள்ளை பட்டறைப் பக்கம் வரக் கூடாது என்று வீடும் நினைக்கிறது. அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. விண்வெளித் தொழிலில் அது தவறு.

படிக்கும் சூழலையும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் வீடுகளுக்குள் புகுந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடையாற்றில் உட்கார்ந்து கேட் தேர்வுக்குப் படிப்பதும் சின்னக்குப்பத்தில் உட்கார்ந்து படிப்பதும் ஒன்றல்ல. இரவில் திறந்திருக்கும் நல்ல படிப்பகங்கள் இந்தப் பகுதிக்கு இன்னும் பல வேண்டும். மற்ற இடங்களில் கட்டியது போலவே இங்கேயும் கட்ட வேண்டும்.

கல்லூரி கைகூடாதவர்களுக்கும் இதில் இடம் உண்டு. ஸ்ரீஹரிகோட்டா மையம் டிப்ளமோ முடித்தவர்களைத் தொழில்நுட்ப உதவியாளராகவும், ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், எலக்ட்ரானிக் மெக்கானிக் பிள்ளைகளை டெக்னீஷியனாகவும் எடுக்கிறது. அறிவிப்பு இணையத்தில் வரும். விண்ணப்பிக்கச் சில வாரங்களே இருக்கும். டிப்ளமோவிலிருந்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது பல வீடுகளுக்கு இன்றும் தெரியாது. 2019-இலிருந்து ஏவுதலைப் பொதுமக்கள் பார்க்க அங்கே ஒரு பார்வையாளர் மாடம் இருக்கிறது. இணையத்தில் பதிந்துவிட்டுப் போகலாம். அங்கே போய் நெருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பள்ளிப் பிள்ளைகள், ஏவுதளத்தின் குழாய்களையும் வால்வுகளையும் பூட்டி வைத்த ஃபிட்டர்களைப் பற்றியும் கேட்டுவிட்டு வரட்டும். அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பை எண்ணூர் முதல் இராயபுரம் வரை ஒவ்வொரு மாநகராட்சிப் பள்ளியின் பலகையிலும், ஒவ்வொரு ஐ.டி.ஐ. வாசலிலும், ஒவ்வொரு முறையும் தமிழில் ஒட்டுவதற்கு ஓர் ஆசிரியர் பொறுப்பேற்றால் போதும். அதற்கு எந்தத் திட்டமும் நிதி ஒதுக்கீடும் வேண்டாம்; இந்த வாரமே தொடங்கலாம்.